கிழிந்த ஏடும் கைப்பக்குவமும்

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்போர் நம்மில் பலர். அதிலும் கணினித் திரையில் ஆடும் விளையாட்டு என்றால், பொழுதைக் கொல்லும் வீண் வேலை என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். மார்க்க அறிஞர்கள் ‘லஹ்வு’ என்று கடிந்துரைக்கும் வீண் கேளிக்கைகளில் இதனையும் சேர்த்துவிடுவது எளிது. ஆனால் தமிழ் வீட்டு அடுப்படியையே களமாகவும், இட்டலித் தட்டையும் புட்டுக் குழலையும் ஆட்டக் காய்களாகவும் கொண்டு ஒரு விளையாட்டு எழுந்திருக்கிறது என்றால், அதனை எட்டிப் பார்க்காமல் இருக்க இயலுமா? பார்த்தோம். அதனை ஆடிய உலகத்தார் சொன்ன குறை நிறைகளையும் கேட்டறிந்தோம். நம் இல்லத்தில் ஆடியவர்கள் சொன்னவற்றையும் கூர்ந்து செவிமடுத்தோம். அவை நம்மை எதிர்பாராத ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தின. அதனை வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. கனடா நாட்டின் டொரான்டோ நகரைச் சேர்ந்த ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழுவினர் பெருநிறுவனங்களின் கைப்பிடிக்குள் சிக்காமல் தாமே ஆக்கி, 2023-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று வெளியிட்டனர். 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை அது. தாயின் பெயர் வெண்பா, தந்தை பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின். மூன்றும் தமிழ் மணக்கும் பெயர்கள். 2024-ஆம் ஆண்டில் சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவின் பெரும்பரிசையும், அதே ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்கு அளிக்கும் பரிசையும் இது வென்றது. கதை எங்ஙனம் முடிகிறது என்பதை இங்கே சொல்லுதல் முறையன்று. ஆடவிருப்போர் ஆடி அறிந்துகொள்ளட்டும். நாம் பேச விழைவது அதன் கதையைப் பற்றியன்று. அதன் ஆட்டமுறையைப் பற்றி.

ஆட்டமுறை மிக எளியது. வெண்பாவிடம் அவள் அன்னை தந்த சமையல் ஏடு ஒன்று இருக்கிறது. ஆனால் அது பழுதுபட்டது. சில பக்கங்கள் கிழிந்தும், சில வரிகள் கறைபட்டு அழிந்தும் கிடக்கின்றன. இட்டலி எப்படி அவிப்பது, புட்டுக் குழலில் எதனை முன்னே இடுவது, பிரியாணியில் எதன் பின் எது என்பதையெல்லாம் அழிந்துபோன வரிகளுக்கிடையே ஆடுவோர் ஊகித்தறிதல் வேண்டும். படம் ஒன்று பாதி தெரியும். சொல் ஒன்று முழுதும் மறைந்திருக்கும். தட்டை எடுத்து, மாவை ஊற்றி, மூடியை வைத்துப் பார்க்க வேண்டும். முறை பிசகினால் பண்டம் கெடும். ஆனால் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை, மீண்டும் தொடங்கலாம். வேண்டுவோர்க்குக் குறிப்பும் கிடைக்கும்.

நம் அடுப்படிகளில் புழங்கியவர்க்கு இதிலுள்ள நுட்பம் உடனே விளங்கும். இட்டலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது கீழ்த்தட்டின் குழியும் மேல்தட்டின் குழியும் நேருக்கு நேர் அமையாதவாறு மாற்றி அடுக்குவர். நேராக அமைந்தால் உப்பி எழும் இட்டலி மேல்தட்டின் அடியில் நசுங்கும். ஆவியும் சீராக ஏறாது. புட்டுக் குழலில் சில்லை முதலில் போடாவிட்டால் மாவு முழுதும் கீழிருக்கும் நீரில் கொட்டிவிடும். இவை நம் இல்லத்துப் பெண்டிர்க்குக் கேட்டறியாமலே கைவந்தவை. கைவந்த ஒன்றைப் புதிராக்கிப் பிறர் கையில் கொடுத்திருப்பதே இவ்விளையாட்டின் சாதுரியம்.

தாம்பரத்தில் நாம் குடியிருக்கும் தெருவுக்கு அருகில் இருப்பூர்தித் தடம் ஓடுகிறது. கடற்கரை நிலையம் செல்லும் மின்தொடர்கள் கிளம்பும் ஓசை இரவு வரை கேட்டுக்கொண்டேயிருக்கும். ஒரு காலத்தில் சென்னைக்கு வெளியே ஓர் ஊர் என்றிருந்த தாம்பரம், 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய அண்டையூர்களைச் சேர்த்துக்கொண்டு தனி மாநகராட்சியாகவே ஆகிவிட்டது. இங்கே எந்தத் தெருவில் நுழைந்தாலும், பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொல்லும் பெற்றோர் இருவரையாவது காணலாம். நம் இல்லமும் அதற்கு விலக்கன்று. மகன் குடும்பம் அயல்நாட்டில் வாழ்கிறது. விடுமுறைக்கு வந்திருந்த பேரன் தன்னோடு கொண்டுவந்த கணினியில்தான் நாம் இவ்விளையாட்டைக் கண்டோம். மஃரிபு தொழுகைக்குப் பின் இஷா வரையிலான இடைப்பொழுதில், நான்கு நாட்கள், அவன் ஆட, மருமகளும் நம் தமக்கையாரும் நாமும் சூழ்ந்திருந்து பார்த்தோம். பார்த்தோம் என்பதைவிட, ஆளுக்கொரு பக்கமிருந்து ஆணையிட்டோம் என்பதே பொருந்தும்.

தமக்கையாருக்கு அகவை எண்பத்திரண்டு. கடற்கரை ஊரொன்றில் பிறந்து, மணமாகி, கணவரின் மறைவுக்குப் பின் நம்மோடு தாம்பரத்தில் வசித்து வருகிறார். திரையில் புட்டுக் குழலைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “சில்லைப் போடச் சொல்லு” என்பதுதான். பேரனுக்குச் சில்லு என்றால் என்னவென்று தெரியவில்லை. ஏட்டின் படத்தை உற்றுப் பார்த்து, இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை கண்டுபிடித்தான். கண்டுபிடித்தபோது அவன் அடைந்த மகிழ்ச்சியைக் கண்டு தமக்கையார் வியந்தார். “இதற்கா இவ்வளவு சந்தோஷம்?” என்று நம்மிடம் மெல்லக் கேட்டார். ஆம், இதற்குத்தான். எண்பதாண்டு அறிவும் பன்னிரண்டு வயதின் ஊகமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்த கணம் அது.

உலகெங்கும் இதனை ஆடியோர் பெரும்பாலும் பாராட்டவே செய்தனர். ஆயினும் குறை கூறியோரும் உளர். அவர்தம் குறைகளைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. முதற்குறை, ஆட்டம் மிகச் சிறிது என்பது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கியோர் இன்னும் சில பண்டங்கள் இருக்கக்கூடாதா என்று ஏங்கினர். இரண்டாவது, கதை முடிந்தபின் விருப்பம்போல் சமைத்து விளையாட ஓர் அடுப்படி இல்லையே என்பது. மூன்றாவது, புதிர்கள் எளியவை, தோற்பதற்கு அச்சமே இல்லை என்பது. நான்காவது, ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரே விடைதான் உண்டு, சமைப்பவரின் விருப்பத்துக்கு இடமில்லை என்பது.

சிறிது என்னும் குறைக்கு விளையாட்டின் பெயரே ஒரு விடை தருகிறது. வெண்பா என்பது தமிழ் யாப்பின் கட்டுக்கோப்பான பா. சீரோடு சீர் தளை பிசகாமல் இணைதல் வேண்டும்; பிற தளை வந்து புகுந்தால் அது வெண்பா அன்று. ஈற்றுச்சீர் இன்ன வாய்பாட்டில்தான் முடிதல் வேண்டும் என்றும் விதியுண்டு. அந்த வெண்பாவிலும் மிகச் சிறியது குறள் வெண்பா, ஏழே சீர். ஏழு சீரில் சொன்னதைச் சிறிதென்று எவரும் குறைகூறியதில்லை. எதன்பின் எது வரவேண்டும் என்னும் ஒழுங்கே வெண்பாவின் உயிர். அடுப்படியின் உயிரும் அதுவே. இவ்வொப்புமை ஆக்கியோர் மனத்தில் இருந்ததோ இல்லையோ, நம் மனத்தில் எழுந்தது. எனினும், விலை கொடுத்தவர் நேரத்தைக் கணக்கிடுவதைக் குற்றம் என்றும் சொல்லமாட்டோம். விருந்துக்கு வந்தவர் இன்னும் ஒரு கரண்டி கேட்டால் அது விருந்துக்குப் பெருமையேயன்றிச் சிறுமையன்று.

எளிமை பற்றிய குறையை எடைபோட, முன்னர் வந்த சமையல் விளையாட்டுகள் இரண்டை நினைவுகூர்தல் நன்று. ஒன்று, 2006-இல் ஜப்பானில் தோன்றிய ‘குக்கிங் மாமா’. மாமா என்றதும் நம் தாய்மாமனை எண்ணிவிட வேண்டா. அது தாயைக் குறிக்கும் சொல். வெட்டுதல், கிளறுதல், வறுத்தல் என ஒவ்வொரு செயலையும் கைவேகத்தால் செய்து காட்ட வேண்டும்; செய்த திறத்துக்கேற்பப் பொன், வெள்ளி, வெண்கலப் பதக்கம் கிட்டும். மற்றொன்று, இங்கிலாந்தின் ‘கோஸ்ட் டவுன் கேம்ஸ்’ குழுவினர் 2016-இல் வெளியிட்ட ‘ஓவர்குக்டு’. இதில் நால்வர் வரை ஒரே அடுப்படியில் புகுந்து, கடிகாரம் ஓட ஓட, வந்து குவியும் உணவுக் கேட்புகளை நிறைவேற்ற வேண்டும். ஒருவர் வழியை ஒருவர் மறிப்பர், சட்டி தீப்பற்றும், கூச்சல் எழும். ஆடுவோர்க்கு இதில் நகைப்பும் உண்டு, சினமும் உண்டு. 2020-இல் வந்த தொகுப்புப் பதிப்பில், நேரத்தை நீட்டித்துக்கொள்ளவும் கடினமான கட்டங்களைத் தாண்டிச் செல்லவும் உதவும் ஏற்பாடு ஒன்றும் சேர்க்கப்பட்டது.

முதலாவது கைவேகத்தைச் சோதிக்கிறது. இரண்டாவது கூட்டுழைப்பையும் காலத்தையும் சோதிக்கிறது. வெண்பாவோ இவை எதனையும் சோதிப்பதில்லை. அது சோதிப்பது ஒன்றே: இது ஏன் இப்படிச் செய்யப்படுகிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை. ஆகவே தோல்வியின் அச்சம் இல்லை என்பதைக் குறையாகக் கொள்ள நம்மால் இயலவில்லை. எந்தத் தாயும் மகளுக்குச் சமையல் கற்பிக்கும்போது கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. குழம்பு கெட்டால், “போகட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்பாள். அந்தப் பொறுமையையே இவர்கள் ஆட்டவிதியாக்கியிருக்கின்றனர்.

நம் இல்லத்திலிருந்து எழுந்த குறை வேறு விதமானது. தமக்கையார் கேட்டார்: “உப்பு எவ்வளவு போட்டான்? காரம் எவ்வளவு?” திரையில் உப்பைத் தொட்டு இழுத்தால் அது தானே விழுந்து கலந்துவிடுகிறது, அளவைப் பற்றிய கவலை ஆடுவோர்க்கில்லை. கைப்பக்குவம் என்று நாம் எதனைச் சொல்கிறோமோ அது முழுதும் அளவிலன்றோ இருக்கிறது? மருமகள் இதற்கு மறுமொழி சொன்னாள். அளவை யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம், ருசி பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். முறை பிசகினால் திருத்த வழியில்லை என்றாள். நோன்புக் கஞ்சியை எடுத்துக்காட்டினாள். அரிசியும் பருப்பும் வெந்தயமும் குழைய வெந்தபின், இறுதியில்தான் தேங்காய்ப் பால் சேர்க்கிறோம். உப்புக் குறைந்தால் பின்னர் இடலாம். தேங்காய்ப் பாலை முதலிலேயே ஊற்றிக் கொதிக்க வைத்துவிட்டால், திரிந்து எண்ணெய் பிரிந்ததை எவரால் மீட்க முடியும்? தாம்பரம் வட்டாரத்துப் பள்ளிவாசல்களில் ரமலான் மாதம் முழுதும் பெருந்தேக்சாவில் கஞ்சி காய்ச்சுவோர்க்கு இது நன்கு தெரியும். தமக்கையார் சற்று எண்ணிவிட்டு, “அதுவும் சரிதான்” என்றார். ஆயினும் முழு மனத்தோடு சொல்லவில்லை.

நான்காவது குறையை, ஒரே விடை என்னும் குறையை, நாம் மெய்யான குறையாகவே கருதுகிறோம். பிரியாணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர்க்காரர் சீரகச் சம்பாவைத் தனியே முக்கால் பதம் வேகவைத்து வடித்துக் கறியோடு சேர்த்துத் தம்மில் இடுவர். மூடியின் விளிம்பை மாவால் அடைத்து மேலே தணலை வைப்பதும் ஒரு வழக்கம். சிறைப்பட்ட ஆவியே எஞ்சிய கால் பங்கு வேலையை முடித்துவிடும். வேறு சிலரோ கறி மசாலாவிலேயே நீரை அளந்து ஊற்றி அரிசியைப் போட்டு வேகவைப்பர். இரண்டும் பிரியாணிதான். திருமண வீட்டில் எது உண்மையான முறை என்று சம்பந்திகள் வழக்காடியதும் உண்டு. ஏட்டில் ஒரு விடையை மட்டும் சரியென்று எழுதிவிட்டால் மற்றொன்று என்ன ஆவது? ஆனால் ஏடு ஒரு தாயின் ஏடு என்பதை நினைத்தால் குறையின் கூர்மை சற்று மழுங்குகிறது. அங்கே கேள்வி, பிரியாணி எப்படிச் செய்வது என்பதன்று. என் தாய் எப்படிச் செய்தாள் என்பது. முதற் கேள்விக்கு நூறு விடை உண்டு. இரண்டாவதற்கு ஒன்றுதான்.

இவ்விளையாட்டில் நம் நெஞ்சைத் தைத்த விதி மற்றொன்றுண்டு. அது சமையலைப் பற்றியதன்று, மொழியைப் பற்றியது. பெற்றோர் தமிழில் பேசுவது தெளிவாகத் திரையில் எழும். மகன் காதால் கேட்கும்போதோ அவனுக்கு விளங்காத தமிழ்ச் சொற்கள் எழுத்து மங்கிக் கலைந்து தோன்றும். வெண்பாவின் ஆங்கிலம் அந்நாட்டார் முன் திக்கித் தடுமாறும். ஏட்டின் கிழிசலும் இந்த எழுத்தின் மங்கலும் ஒன்றே என்பது ஆடிக்கொண்டே போகும்போது புலப்படும். ஏட்டை நீரும் கறையும் மட்டும் அழிப்பதில்லை. படிக்கத் தெரியாத கண்ணும் அழிக்கிறது.

இவ்விடத்தில்தான் தமக்கையார் எழுந்து சென்று தம் பெட்டியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அது நம் உம்மாவுடையது. உம்மா மறைந்து நெடுநாளாயிற்று. பக்கங்கள் பழுப்பேறி, ஓரங்கள் பொடிந்து, எண்ணெய்க் கறை படிந்து இருந்தது. பேரன் வாங்கிப் புரட்டி, “இது அரபியா?” என்று கேட்டான். எழுத்து அரபி, மொழி தமிழ். அரபுத்தமிழ்.

இளைய வாசகர்க்காகச் சில சொற்கள். அரபு எழுத்தைக் கொண்டு தமிழை எழுதும் முறை நம் சமுதாயத்தில் பன்னெடுங்காலம் வழங்கிற்று. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்கள் அமைத்துக்கொண்டனர். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற பெரியோர் மார்க்கச் சட்டங்களை இவ்வெழுத்தில் எழுதிப் பரப்பினர். தைக்கா சுஐபு ஆலிம் அவர்கள் 1993-இல் வெளிவந்த தம் பெருநூலில் இவ்விலக்கியத்தின் பரப்பைத் தொகுத்துக் காட்டியுள்ளார்கள். இதனால் பெரும்பயன் அடைந்தோர் பெண்கள். பள்ளிக்கூடம் சென்று தமிழ் நெடுங்கணக்குப் பயிலாத பெண்ணும், குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தன் தாய்மொழியைப் படிக்கவும் எழுதவும் முடிந்தது. கணவருக்குக் கடிதமும், கொடுக்கல் வாங்கல் கணக்கும், அடுப்படிக் குறிப்பும் அதில்தான். பெண்கள் பள்ளிக்கூடம் செல்லத் தொடங்கியபின் அவ்வெழுத்தின் தேவை குறைந்தது. அது வருந்தத்தக்கதன்று, கல்வி பரவியதன் அடையாளம். ஆனால் அதற்கு முன் எழுதப்பட்டவை என்ன ஆயின என்று எவரும் கேட்டோமில்லை.

பல்லாவரத்தில் வெள்ளிதோறும் கூடும் சந்தையை அறியாதார் இப்பகுதியில் இல்லை. பழைய கடிகாரம், பித்தளை அண்டா, துருவேறிய தையற்பொறி, கிராமஃபோன் என்று ஒரு தலைமுறையின் வீட்டுப் பொருள்கள் எல்லாம் அங்கே தெருவோரம் கிடக்கும். நாம் அங்கே செல்லும்போதெல்லாம் பழைய காகிதக் கட்டுகளையும் நோக்குவதுண்டு. பித்தளைக்கு விலை சொல்ல ஆளுண்டு. கையெழுத்து நோட்டுக்கு விலை எடைதான்.

உம்மாவின் நோட்டில் வட்டிலப்பம் என்று தலைப்பிட்ட பக்கம் ஒன்றிருந்தது. கண்புரை படர்ந்த விழிகளோடு தமக்கையார் எழுத்தெழுத்தாகப் படிக்க, மருமகள் தமிழில் எழுதினாள். முட்டை இத்தனை, தேங்காயின் முதற்பால் இவ்வளவு, கருப்பட்டி இவ்வளவு, ஏலம். பின்னர், கருப்பட்டியைக் காய்ச்சி என்று ஒரு வரி. அடுத்த சொல்லின் தலையில் எண்ணெய்க் கறை. கடைசி இரண்டெழுத்து மட்டுமே தேறின: ‘ற்றி’. அதற்குப்பின், முட்டையில் சேர்க்கவும் என்று தெளிவாக இருந்தது. காய்ச்சி ஊற்றியா? காய்ச்சி ஆற்றியா? ஊற்றி என்றால் சூட்டோடு சேர்க்க வேண்டும்; ஆற்றி என்றால் குளிர்ந்த பின். ஓரெழுத்தில் பண்டத்தின் தலைவிதியே மாறிவிடுகிறது.

பேரன் துள்ளியெழுந்தான். இது அப்படியே அந்த விளையாட்டு என்றான். நான்கு நாள் ஆடிய பயிற்சியில், எது சரி என்று கேட்காமல், எப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்கக் கற்றிருந்தான். இரண்டையும் செய்து பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. முதல் நாள், காய்ச்சிய பாகைச் சூட்டோடு முட்டையில் ஊற்றினர். முட்டை அந்தச் சூட்டிலேயே வெந்து திரிதிரியாகிவிட்டது. மறுநாள் ஆற்றிச் சேர்த்து, வட்டிலின் வாயைத் துணியால் மூடி, மூடியில் திரளும் நீர் உள்ளே சொட்டாதபடி ஆவியில் வைத்தனர். வழவழவென்று, பட்டுப்போல் வந்தது. சொல் ‘ஆற்றி’தான். புதிர் அவிழ்ந்தது என்று பேரன் கைகொட்டினான்.

தமக்கையார் ஒரு துண்டை வாயிலிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், “நல்லாத்தான் இருக்கு வாப்பா. ஆனா உம்மா செஞ்சா கண்ணு கண்ணா இருக்கும்” என்றார். வெட்டிய முகத்தில் தேன்கூடுபோல் சிறு சிறு துளைகள் இருக்குமாம். பாகு அதில் ஊறி நிற்குமாம். நோட்டைத் திரும்பப் புரட்டினோம். துளைகளைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. கறையில் மறைந்திருக்கவும் வழியில்லை. வரி முழுமையாக இருந்தது. உம்மா அதனை எழுதவேயில்லை. எழுத வேண்டிய ஒன்றாக அவருக்குத் தோன்றவில்லை போலும்.

மூன்றாம் நாள் தமக்கையாரை அடுப்படியில் நாற்காலி போட்டு அமர்த்தினோம். முட்டையை அடிக்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று மருமகள் நிறுத்தியபோதெல்லாம், “இன்னும், இன்னும்” என்றார். நுரை பொங்கியெழும் வரை விடவில்லை. அடுப்பையும் முந்திய நாளைவிடக் கூட்டி எரிக்கச் சொன்னார். அன்று அவித்து எடுத்ததை அறுத்தபோது, முகமெங்கும் கண்கள் இருந்தன. இதுதானா என்று கேட்டோம். “இதுதான் ஒட்டி வருது” என்றார். இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. அறுபதாண்டுக்கு முந்திய ருசியை நாவு எவ்வளவு நம்பகமாக வைத்திருக்கும் என்பதை அவரே அறிவார்.

இப்போது அந்த விளையாட்டின் குறை நிறைகளை எண்ணும்போது நமக்குத் தோன்றுவது இது. கிழிந்த ஏட்டை ஆட்டவிதியாக்கிய அவர்தம் எண்ணம் போற்றுதற்குரியது. கிழிந்ததை ஊகத்தால் நிரப்பலாம் என்று அது கற்பிக்கிறது. அந்தப் பாடம் இல்லையேல் ‘ற்றி’யின் முன் நாம் கைபிசைந்து நின்றிருப்போம். ஆனால் எழுதப்படாததை ஊகத்தால் நிரப்ப இயலாது. அதற்கு அதனைக் கண்ட கண்ணும் உண்ட நாவும் உயிரோடு பக்கத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். எந்தத் திரையும் அளிக்க முடியாத குறிப்பு அது. விளையாட்டில் தவறினால் மீண்டும் தொடங்கலாம். எண்பத்திரண்டு அகவையில் அவ்வசதி இல்லை.

அந்த நோட்டில் ஏறத்தாழ நாற்பது பண்டங்கள் உள்ளன. தொதல் இருக்கிறது, கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் மாவும் சேர்த்து மணிக்கணக்கில் துடுப்பு விடாமல் கிண்ட வேண்டிய பண்டம். அதனை எந்த விளையாட்டும் ஆட்டமுறையாக்க முடியுமா என்று பேரனைக் கேட்டோம். மணிக்கணக்கில் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க யாரும் பணம் தரமாட்டார்கள் என்றான். நம் பாட்டிமார் பணம் வாங்காமலே அதனைச் செய்தனர் என்றோம்.

அவன் ஊர் திரும்பிவிட்டான். மருமகளும் உடன் சென்றாள். இப்போது கிழமைக்கு ஒருமுறை, நாம் அலைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்க, தமக்கையார் ஒரு பக்கம் படிக்கிறார்; அங்கே அவர்கள் எழுதிக்கொள்கின்றனர். படித்து முடித்ததும், எழுத்தில் இல்லாதது எது என்று பேரன் தவறாமல் கேட்கிறான். அந்தக் கேள்வியை அவன் கேட்கத் தொடங்கிய பின்னர்தான் தமக்கையார் நிறையப் பேசுகிறார்.

வாசக நேயர்களுள் எவர் இல்லத்துப் பெட்டியிலேனும் இத்தகைய நோட்டு ஒன்று இருக்கக்கூடும். பித்தளையோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட வேண்டா. அதனைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால், படிக்கச் சொல்லுங்கள். படித்தபின், எழுதாமல் விட்டது எது என்று கேளுங்கள். ஒன்பது பண்டங்கள் முடிந்திருக்கின்றன. வருகிற கிழமை தொதல்.